வண்டியை எத்தனை இன்ச் தூக்கலாம்?

போன ஞாயித்துக்கிழமை அரிசி வாங்க வந்த தம்பி ஒருத்தர், மூட்டையை ஏத்தி முடிச்ச பிறகும் கிளம்பாம நின்னுகிட்டிருந்தார். அண்ணா நகர்க்காரர். புது தார் வாங்கி அஞ்சு மாசம் ஆகுது. வண்டியைச் சுத்திச் சுத்தி வந்தார். அப்புறம் மெதுவா ஆரம்பிச்சார்.

"அண்ணே, வண்டியைத் தூக்கலாம்னு இருக்கேன். கடையில ரெண்டு இன்ச் கிட்டும் இருக்கு, நாலு இன்ச்சும் இருக்குன்றாங்க. தூக்குறது தூக்குறோம், நாலே போட்டுடலாமா?"

"எதுக்குத் தூக்குறீங்க தம்பி?"

"மழைக்குத்தாண்ணே. டிசம்பர்ல எங்க தெருவுல முழங்கால் தண்ணி. உங்க வயலுக்கு வர்ற பாதையும் அந்த லட்சணந்தானே."

அந்த நாலு இன்ச்சைப் பத்தி எனக்குக் கொஞ்சம் தெரியும். பணம் கட்டித் தெரிஞ்சுகிட்டேன். என் மச்சானுக்குக் கை உடைஞ்சு தெரிஞ்சுகிட்டேன். அவர்கிட்ட அரைமணி நேரம் பேசினதைக் கொஞ்சம் விரிச்சு இங்க எழுதுறேன். அவரை மாதிரி யோசிக்கிறவங்க உங்கள்ல நிறையப் பேர் இருப்பீங்கன்னு நினைக்கிறேன்.

புதுசா படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. மாத்தூர்னா மாதவரத்துக்கும் மணலிக்கும் நடுவுல இருக்கிற எங்க ஊர். வெளியாளுங்களுக்கு மாத்தூர் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பாத்தான் தெரியும். 2011ல சென்னை மாநகராட்சியோட சேர்ந்தாச்சு. இங்க இருந்துகிட்டு விவசாயின்னு சொன்னா ஆட்டோக்காரரே சிரிக்கிறார். வீடு இங்க, வயலும் மாட்டுக்கொட்டாயும் மணலி புதுநகர் தாண்டி. நடுவுல கன்டெய்னர் லாரிங்க வரிசையா நிக்கிற ரோடு. கடைசி ரெண்டு கிலோமீட்டர் களிமண் பாதை. காய்ஞ்சா கல்லு, நனைஞ்சா வெண்ணெய். ஆஃப்ரோடு ஆஃப்ரோடுன்னு நீங்க சனி ஞாயிறுல போறது எனக்கு மாட்டுக்குப் புண்ணாக்கு கொண்டுபோற வழி. அதுக்காகத்தான் 2012ல ஒரு பழைய மகிந்திரா ஜீப் வாங்கினேன். முன்னாடியும் பின்னாடியும் பிளேட் ஸ்பிரிங். நாலு சக்கரமும் இழுக்கும்.

2015 டிசம்பர் மழையில ஊரே தண்ணியில நின்னப்ப அந்த ஜீப்பால ஒண்ணும் செய்ய முடியல. வீட்டு வாசல்லயே சீட்டு வரைக்கும் நனைஞ்சு நின்னுச்சு. அந்தக் கோவத்துலதான் 2016 கோடையில ஒரு பட்டறையில விட்டேன். "உசத்திடு, தண்ணி தொடக்கூடாது"ன்னு சொன்னேன். அவங்களும் நான் கேட்டதைச் செஞ்சாங்க. அச்சுக்குக் கீழ இருந்த பிளேட்டை எடுத்து அச்சுக்கு மேல உட்கார வச்சு யூ போல்ட் போட்டாங்க. நாலு இன்ச்னு ஆரம்பிச்ச வேலை, முடிஞ்சப்ப அஞ்சுக்கு மேல வந்திருந்துச்சு. ஊர்ல மரியாதைன்னா மரியாதை. டீக்கடையில நிறுத்தினா நாலு பசங்க வந்து நிப்பாங்க. எங்கம்மா மட்டும் மணையைப் போட்டு, என் தோளைப் பிடிச்சு, முருகா முருகான்னு ஏறினாங்க. ரெண்டாவது தடவை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டப்ப, "நான் ஷேர் ஆட்டோவுலயே போறேன்பா, நீ உன் தேரை ஓட்டிட்டு வா"ன்னுட்டாங்க.

அடுத்த வருஷம் ஐப்பசியில, ஆறு பால் கேனோட வரப்பு ஓரமா வந்துகிட்டிருந்தோம். நான் ஓட்டுறேன், மச்சான் பக்கத்துல. இடது பக்கச் சக்கரம் ரெண்டும் ஈரமான கரையில ஒரு முழம் இறங்குச்சு. வேகமே இல்ல, நடந்து போற வேகந்தான். அதே இடத்துல முன்னாடியும் இறங்கியிருக்கேன். அப்பெல்லாம் வண்டி சாயும், அப்புறம் ஏறி வந்துடும். அன்னிக்கு சாய்ஞ்சது சாய்ஞ்சுகிட்டே போச்சு. எருமை படுக்குற மாதிரி அப்படியே நாத்துல படுத்துடுச்சு. மச்சான் கையை ஊனினான். மணிக்கட்டுக்கு மேல ரெண்டு எலும்பும் போச்சு. பால் போனதைப் பத்தி நான் இங்க பேசல.

ஏன் படுத்துச்சுன்னு அப்போ எனக்குப் புரியல. எண்ணூர் பக்கம் ஒரு பாய்கிட்ட தூக்கிட்டுப் போனேன். கப்பல் கம்பெனி லாரிங்களுக்குப் பிளேட் வேலை பார்த்தே நரைச்சவர். அவர் ஜீப்பைப் பார்த்துட்டு என்னைத் திட்டல. பக்கத்துல கிடந்த மணையையும் டீக்கடை ஸ்டூலையும் காட்டி, "ரெண்டுலயும் உக்காந்து சாய்ஞ்சு பாரு. எது முதல்ல தள்ளிவிடும்?"னு கேட்டார். அவ்வளவுதான் பாடம்.

அமெரிக்காவுல போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை 2001 மாடல்ல இருந்து கார்களுக்கு 'கவிழும் அபாயம்'னு ஒரு நட்சத்திர மதிப்பு கொடுக்குறாங்க. அதுக்கு அடிப்படை பாயோட மணை-ஸ்டூல் கணக்கேதான். ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல இருக்கிற அகலத்துல பாதி எடுத்து, வண்டியோட எடை மையம் தரையில இருந்து எவ்வளவு உயரமோ அதால வகுக்கணும். ஒரு உதாரணம் போட்டுப் பாருங்க. அகலம் 150 சென்டிமீட்டர், எடை மையம் 70ன்னா 75ஐ 70ஆல வகுக்க 1.07. நாலு இன்ச் தூக்கினா அச்சும் சக்கரமும் கீழயே இருக்கிறதால எடை மையம் முழுசா பத்து சென்டிமீட்டர் ஏறாது. எட்டுன்னு வச்சுக்கலாம். 75ஐ 78ஆல வகுத்தா 0.96. பார்க்க சின்ன எண்ணுதான். வரப்புல ஒரு பக்கம் இறங்கி நிக்கிறப்ப அந்தச் சின்ன எண்ணுதான் மச்சான் கை. என் ஜீப் அகலம் இன்னும் குறைச்சல், நான் தூக்கினது இன்னும் ஜாஸ்தி, மேல பால் கேன் வேற.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். கிட் விக்கிற இடத்துல பெரும்பாலும் யாரும் சொல்றதில்ல.

ஸ்பிரிங்கை மாத்தி வண்டியைத் தூக்கினா உடம்புதான் மேல போகுது. அச்சு போகாது. ஜீப்புக்கு முன்னாடியும் பின்னாடியும், தாருக்குப் பின்னாடியும், அச்சு நடுவுல உருண்டையா ஒரு கூடு இருக்கும். அதுக்குள்ளதான் கிரவுன் பல்சக்கரம். வண்டிக்கு அடியில தரைக்கு ரொம்பக் கிட்ட இருக்கிற பெரிய இரும்புகள்ல ஒண்ணு அது. ரெண்டு இன்ச் தூக்கினாலும் பத்து இன்ச் தூக்கினாலும் அது இருந்த இடத்துலயேதான் இருக்கும். எங்க பாதையில டிராக்டர் போய்ப் போய் ரெண்டு பக்கமும் பள்ளம் விழுந்து நடுவுல மேடு நிக்கும். அந்த மேட்டுல இடிக்கிறது பம்பரும் இல்ல, சேஸும் இல்ல. அந்தக் கூடுதான். அஞ்சு இன்ச் தூக்கி, மணையைப் போட்டு ஏறி, மச்சான் கையை உடைச்ச பிறகும், அதே மேட்டுல அதே கூடு 'டங்'னு இடிச்சுது.

அச்சை மேல கொண்டுபோறது டயர் மட்டும்தான். அதுவும் பாதிக்குப் பாதி. டயரோட மொத்த உயரம் ரெண்டு இன்ச் கூடினா, நடுவுல இருக்கிற அச்சு ஒரு இன்ச் ஏறும். தம்பியோட தாருக்கு 255/65 ஆர் 18 டயர். கணக்குப் போட்டா 31 இன்ச் வரும். 33 இன்ச் டயர் போட்டா கூட்டுக்குக் கீழ ஒரு இன்ச் கிடைக்கும். அந்த டயர் மட்கார்டுல உரசாம சுத்தணுமே, அதுக்குத்தான் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் தூக்குறது. முதல்ல டயர், அந்த டயருக்கு இடம் விட லிப்ட். நம்மாளுங்க தலைகீழா ஆரம்பிக்கிறாங்க.

ஐஸ்லாந்துல பனிமலை மேல வண்டி ஓட்டுறவங்க 38 இன்ச், 44 இன்ச்னு டயர் போடுறாங்க. படத்துல பார்த்தா யானை மேல கார் உக்காந்த மாதிரி இருக்கும். அவங்க உயரத்துக்கு ஆசைப்பட்டுப் பண்றதில்ல. அகலமான டயர்ல காத்தை ரொம்பக் குறைச்சு, பனி மேல மெத்தை மாதிரி பரவ விட்டு, புதையாம போறதுக்காக. உயரம் அந்த டயர் உள்ள நுழையறதுக்காக. எங்க களிமண்ணுக்கும் இதே புத்திதான் உதவுது. ஆறேழு பவுண்டு காத்தை இறக்கினா, நாலு இன்ச் லிப்ட் பண்ணாத வேலையை அது பண்ணும். தார் ரோடு ஏறுற இடத்துல திரும்பக் காத்து அடிச்சுக்கணும், அவ்வளவுதான். சும்மா கிடைக்கிறதால யாரும் இதை மதிக்கிறதில்ல. பெரிய டயருக்கும் விலை உண்டுன்னு சொல்லிடறேன். கியர் கனமாகி இழுவை குறையும், ஸ்பீடோமீட்டர் உண்மையான வேகத்தை விடக் குறைச்சுக் காட்டும்.

அப்ப லிப்டால பிரயோஜனமே இல்லையான்னா, இருக்கு. கால்வாய்க் கரை ஏறி இறங்குறப்ப மூக்கு இடிக்காது, வயிறு தட்டாது, வால் உரசாது. குறுக்கு வரப்பைத் தாண்டுறப்ப வயிறு மாட்டி நாலு சக்கரமும் அந்தரத்துல சுத்துற கொடுமை குறையும். இதுக்கு ஒன்றரை, ரெண்டு இன்ச் போதும். தாருக்குக் கம்பெனி கொடுத்திருக்கிற தரை இடைவெளியே 226 மில்லிமீட்டர், முன்பக்க ஏறு கோணம் 41.8 டிகிரி. அந்த வண்டிக்கு இடிக்கிற கரை எங்க பக்கத்துல ஒண்ணு ரெண்டுதான். அதையும் நான் மண்வெட்டியால சரிச்சு விட்டுட்டேன்.

இன்னொண்ணு, எந்த நிலைமையில அளக்குறோம்ங்கிறது. கடையில நிறுத்தி, காலி வண்டியில, "பாருங்க சார் ரெண்டு இன்ச்"னு காட்டுவாங்க. பாய் எனக்குச் சொல்லிக் கொடுத்த அளவு வேற. சக்கரத்து நடுப்புள்ளியில இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப் பிடிக்கணும். முதல்ல காலியா. அப்புறம் நீங்க வழக்கமா ஏத்துற சுமையோட. நான் ஆறு மூட்டை புண்ணாக்கும் ரெண்டு ஆளும் ஏத்தி அளந்தா என் பின்பக்கம் ரெண்டே கால் இன்ச் உக்காருது. அப்ப எனக்கு வேண்டியிருந்தது உயரம் இல்ல, உக்காராத பிளேட். பழைய பிளேட்டை வெளிய எடுத்து, வளைவு ஏத்தி, புதுப்பேட்டையில இருந்து வாங்கின ஒரே ஒரு பிளேட்டைக் கூடச் சேர்த்து, அச்சுக்குக் கீழ பழைய இடத்துலயே கட்டிக் கொடுத்தார் பாய். காலியா ஒன்றரை இன்ச் உசரம். சுமை ஏத்தினா கம்பெனி உயரத்துக்குப் பக்கத்துல நிக்குது. அம்மாவுக்கு மணை தேவையில்ல. கூட ஒரு பிளேட் போட்டதால காலியா போறப்ப முதுகு கொஞ்சம் பேசும், அதையும் சொல்லிடணும். நீங்க வாரம் பூரா ஒருத்தரா ஆபீஸுக்குப் போற ஆளுன்னா பிளேட்டோ கெட்டியான காயிலோ சேர்த்துடாதீங்க, வயித்துல இருக்கிற இட்லி தோசையாயிடும்.

நாலு இன்ச்சுக்குன்னு தனியா வர்ற வியாதிகள் வேற இருக்கு. கியர் பாக்ஸ்ல இருந்து அச்சுக்குப் போற ஷாப்ட் செங்குத்தாத் தொங்க ஆரம்பிக்கும், கிராஸ் தேயும். எனக்கு ஒரே வருஷத்துல மூணு கிராஸ் போச்சு. பிரேக் ஹோஸ் இழுத்துப் பிடிக்கும். ஸ்டியரிங் ராடு சரிஞ்சு, பள்ளத்துல இறங்கினா வண்டி தானா ஒரு பக்கம் திரும்பும். தார் மாதிரி முன்பக்கம் தனித்தனியா ஆடுற வண்டியில, முன் சக்கரத்துக்குப் போற ஷாப்ட் முட்டு மடங்கி ரப்பர் உறை கிழியும். கிழிஞ்சா உள்ள சேறு. ஆஸ்திரேலியாவுல லிப்ட் பண்ணாதவங்களே குறைவுன்னு சொல்ற அளவுக்கு அந்தப் பழக்கம் உண்டு. அங்கயே சுமார் 50 மில்லிமீட்டர் தாண்டினா என்ஜினியர் சான்று கேக்குறாங்க. மாநிலத்துக்கு மாநிலம் விதி கொஞ்சம் மாறும், ஆனா கோடு அந்த ரெண்டு இன்ச்சைச் சுத்தித்தான் விழுது. நம்ம நாட்டுல மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துல இருந்து வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்துச்சு. அதே வருஷத் திருத்தத்துல, அனுமதியில்லாத மாத்தம் ஒவ்வொண்ணுக்கும் 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாசம் வரை சிறையோ, ரெண்டுமோன்னு வந்துச்சு. விபத்துன்னு வந்தா இன்சூரன்ஸ்காரர் முதல்ல குனிஞ்சு பார்க்குற இடமும் வண்டிக்கு அடியிலதான். அதனால கிட் வாங்குறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ்லயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

சரி, தம்பி கேட்டது தண்ணியைப் பத்தி. அதுக்குத்தான் வரேன்.

தண்ணியில வண்டி எவ்வளவு ஆழம் போகலாம்னு தீர்மானிக்கிறது என்ஜின் எங்க இருந்து மூச்சு விடுதுங்கிறது. காத்து இழுக்குற வாயில தண்ணி போனா, பிஸ்டன் தண்ணியை அமுக்கப் பார்க்கும். காத்து அமுங்கும், தண்ணி அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும். என்ஜின் செலவு. தாருக்குக் கம்பெனி சொல்ற ஆழம் 650 மில்லிமீட்டர். ஃபோர்ஸ் குர்காவுக்கு 700, அதுக்குக் கம்பெனியே மூச்சுக் குழாயை மேல தூக்கிக் கொடுக்குறாங்க. நாலு இன்ச் தூக்கினா மூச்சு வாயும் நாலு இன்ச் மேல போகும், உண்மைதான், இல்லன்னு சொல்லல. ஆனா அச்சு, அதுக்குள்ள ஆயில், பிரேக் எல்லாம் இருந்த இடத்துலயே தண்ணிக்குள்ள. ஓடிச் சூடான கிரவுன் கூடு சட்டுன்னு குளிர்ந்த தண்ணியில இறங்கினா உள்ள இருக்கிற காத்து சுருங்கும், சீல் வழியாத் தண்ணியை உறிஞ்சும். அடுத்த வாரம் ஆயிலைத் திறந்து பாருங்க, பால் ஊத்தின டீ மாதிரி இருக்கும். இதுக்கு மருந்து லிப்ட் இல்ல. அச்சு மேல ஒரு சின்ன மூச்சுத் துளை இருக்கு. அதுல ரப்பர் டியூப் மாட்டி பானெட் வரைக்கும் மேல கொண்டுபோய்க் கட்டுறது. எனக்கு ஆன செலவு ரெண்டு கிலோ கத்திரிக்காய் விலை.

அதோட, நம்ம பக்கத்துத் தண்ணி நின்னு பேசுற தண்ணி இல்ல. புழல் நிரம்பித் திறந்தா, உபரித் தண்ணி வடகரை, வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையங்குப்பம்னு எங்களைச் சுத்தித்தான் எண்ணூருக்குப் போகுது. ஓடுற தண்ணி. ஒரு அடி ஓட்டத் தண்ணி சின்னக் காரை இழுக்கும், ரெண்டு அடி பெரும்பாலான பெரிய வண்டியையே நகர்த்தும்னு அமெரிக்க வானிலைத் துறை வருஷா வருஷம் கத்துது. ரெண்டு அடின்னா சுமார் 600 மில்லிமீட்டர். நின்ன தண்ணிக்குக் கம்பெனி சொன்ன 650ஐ நம்பி ஓடுற தண்ணியில இறங்குறவன் கதை அங்கயே முடிஞ்சுது. தண்ணிக்குக் கீழ மூடியில்லாத மேன்ஹோல் இருக்கா, வடிகாலுக்குத் தோண்டின பள்ளம் இருக்கான்னு யாருக்குத் தெரியும்? ஒரு பள்ளமே ஒன்றரை அடி. உங்க நாலு இன்ச் அதுல எந்த மூலைக்கு?

2023 டிசம்பர் 4. மிக்ஜாம். முந்தின நாள் ராத்திரியில இருந்து கொட்டுது. விடியக்காலை அஞ்சரைக்கு வயல்ல இருக்கிற பெரியவர் போன் பண்ணினார். அவரும் அவர் வீட்டம்மாவும்தான் கொட்டாய்ப் பக்கத்துல இருக்காங்க. "தண்ணி மாட்டு வயித்தைத் தொடுது, சீக்கிரம் வா"ன்னார். ஏழு மாடு, ரெண்டு கன்னு. நான் ஜீப்பை எடுத்துட்டேன். மணலி தாண்டி ஒரு தாழ்வான இடத்துல ரோடு காணாமப் போயிருந்துச்சு. எனக்கு முன்னாடி ஒரு டிரெய்லர் உள்ள இறங்கினான். அவன் கிளப்பின அலை வந்து என் பம்பருக்கு மேல அடிச்சுது. நான் நின்ன இடத்துல அதுக்கு முன்னாடி கணுக்கால் தண்ணிதான்.

என் ஜீப்புல எப்பவும் ஒரு மூங்கில் குச்சி கிடக்கும். பாய் சொல்லி வச்சது. ஒரு வெட்டு கிரவுன் கூட்டு உயரத்துல, இன்னொரு வெட்டு வண்டித் தரை உயரத்துல. தண்ணியில இறங்குறதுக்கு முன்னாடி ஆள் இறங்கி நடக்கணும், குச்சியை ஊனிப் பார்க்கணும். ரெண்டாவது வெட்டு நனைஞ்சா திரும்பிடணும். இடுப்புல கயிறு கட்டிகிட்டு, டீக்கடைப் பையன் ஒருத்தனைப் பிடிச்சுக்கச் சொல்லி, இருபது அடி போனேன். ரெண்டாவது வெட்டுக்கு மேல நாலு விரல் நனைஞ்சுது. தண்ணி தொடையைத் தள்ளுது.

நாலு விரல். நாலு இன்ச் வண்டியா இருந்திருந்தா குச்சியில அந்த வெட்டு மேல இருந்திருக்கும். நான் இறங்கியிருப்பேன். இதை எத்தனையோ ராத்திரி யோசிச்சாச்சு, நிச்சயமா இறங்கியிருப்பேன். தண்ணி அதே தண்ணி, ஓட்டம் அதே ஓட்டம், என் தைரியம் மட்டும் நாலு இன்ச் கூடியிருக்கும். எனக்குப் பின்னாடி யாரு இழுக்க வருவா? அன்னிக்குக் காலையில மெட்ராஸ்ல யாரையும் யாரும் இழுக்க முடியல.

திரும்பி வந்து பெரியவருக்குப் போன் பண்ணி, "மாட்டையெல்லாம் அவிழ்த்து விட்டுடு, கயித்தை அறுத்துடு, நீங்க ரெண்டு பேரும் கரைமேட்டுக்குப் போயிடுங்க"ன்னேன். அவருக்கு மனசில்ல. ஓடிப் போயிடும்னார். போகட்டும்னேன். கட்டிக் கிடக்கிற மாடு சாகும், அவிழ்த்த மாடு மேடு தேடும். இது எங்க நைனா சொல்லிக் கேட்டது, நாந்தான் மறந்துட்டு ஜீப்பை எடுத்துகிட்டு ஓடியிருக்கேன். மறுநாள் மத்தியானம் சொந்தக்காரர் டிராக்டர்ல போய்ப் பார்த்தோம். ஏழு மாடும் கரைமேட்டுல நின்னுச்சு. பெரியவரும் வீட்டம்மாவும் தார்ப்பாய்க்கு அடியில. ஒரு கன்னு மட்டும் கிடைக்கல. அந்த மழையில எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் பரவின செய்தியை நீங்க பேப்பர்ல பார்த்திருப்பீங்க. எங்க மாட்டுத் தோல்ல ஒரு வாரம் அந்த வாசனை போகல.

எங்க ஊர்ல எல்லாமே உசந்துகிட்டு இருக்கு. ரோடு மேல ரோடு போட்டு ரோடு உசந்துச்சு. பழைய தாரைச் சுரண்டிட்டுத்தான் புதுசு போடணும்னு 2021ல தலைமைச் செயலாளரே உத்தரவு போட வேண்டிய அளவுக்கு உசந்துச்சு. ரோடு உசந்ததால வீடு பள்ளமாச்சு. இப்ப வீட்டுக்கு அடியில நூத்துக்கணக்குல ஜாக்கி வச்சு முழு வீட்டையும் மூணு அடி, நாலு அடின்னு தூக்குற ஆளுங்க வந்துட்டாங்க. தூக்கின வீட்டுத் தண்ணி தூக்காத வீட்டுக்குப் போகுது. அடுத்து வண்டி. தூக்குறவங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்ல, நானே தூக்கினவன். ஆனா மழைத் தண்ணிக்கு மருந்து வண்டிக்கு அடியில இருக்குன்னு நம்பி நாற்பதாயிரம் கொடுக்குறதைப் பார்த்தா வயிறு எரியுது. அந்தத் தண்ணிக்கு மருந்து கால்வாயிலதான் இருக்கு. கால்வாயைக் கேக்க நாற்பது பேரைச் சேர்க்குறது, கிட் வாங்குறதை விடக் கஷ்டம்.

இதையெல்லாம் தம்பிகிட்ட சொன்னப்ப கொஞ்சம் முகம் வாடிடுச்சு. "அப்ப தூக்கவே வேணாமாண்ணே?"ன்னார். அப்படி இல்ல தம்பி. இப்ப இருக்கிற டயரை ஒரு மழைக்காலம் ஓட்டிப் பாருங்க. காத்தை இறக்கி ஏத்தப் பழகுங்க. அப்புறமும் எங்கயாவது வயிறு இடிச்சுதுன்னா, எங்க இடிச்சுதுன்னு படுத்துப் பார்த்து சாக்பீஸால குறிங்க. சேஸ்ல இடிச்சிருந்தா ரெண்டு இன்ச்சுக்குள்ள ஒரு நல்ல ஸ்பிரிங், அதுக்கேத்த ஷாக். கூட்டுல இடிச்சிருந்தா டயர். நாலு இன்ச் கிட்டைக் கடையிலயே விட்டுடுங்க. அச்சு மூச்சு டியூப்பை மட்டும் இந்த வாரமே போட்டுடுங்க.

"தண்ணிக்கு?"ன்னார் மறுபடியும்.

கொட்டாய்ப் பின்னாடி மூங்கில் புதர் இருக்கு. அவர் வண்டிக்கு ஒரு குச்சி வெட்டிக் கொடுத்தேன். வெட்டு எந்த உயரத்துல போடுறதுன்னு அவர் வண்டிக்கு அடியில டேப் பிடிச்சோம். மூட்டை ஏத்தின வண்டிதானே, அப்படியே அளந்தோம். பின்பக்கம் ஒன்னேகால் இன்ச் உக்காந்திருந்துச்சு. அவருக்கே ஆச்சரியம். "வெறும் நாலு மூட்டைதானேண்ணே"ன்னார். அடுத்த மாசம் அரிசிக்கு வர்றப்ப ஆபீஸ் நண்பர் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன்னு சொல்லியிருக்கார். அவங்களும் கிட் பார்த்துகிட்டிருக்காங்களாம். இன்னும் ரெண்டு குச்சி வெட்டி நிழல்ல காயப் போட்டிருக்கேன்.